பதினேழாம் மட்டை

விரிந்த முதல் மட்டை ஒன்று.
அதற்குக் கீழே, சற்றே விலகி, ஒன்பது.
இன்னும் கீழே பதினேழு.
செம்பனை தன்னைப் பற்றிச் சொல்ல நினைப்பதையெல்லாம்
அந்த ஒன்றில்தான் சொல்கிறது என்று
செர்டாங்கில் படித்தபோது சொன்னார்கள்.
இடப்பக்கம் ஆறு இலை, வலப்பக்கம் ஆறு.
ஈர்க்கு உரித்து, துடைத்து,
நடுத்துண்டை மட்டும் உறையில் போட்டு
பிளாக் எண், வரிசை எண், மர எண்.
வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

பகாவ் பட்டணத்தில் என் வேலை யாருக்கும் பிடிபடுவதில்லை.
டெக்னீஷியன் என்றேன்,
மளிகைக்கடைக்காரர் ஏர்கோன் ஒழுகுகிறது என்றார்.
பயிர் டெக்னீஷியன் என்றேன்,
அப்படியானால் என் கறிவேப்பிலை ஏன் சுருளுகிறது என்றார்.
அதற்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது.

புதன்கிழமை டிரோன் பறந்தது.
ஹஃபிஸ் அதை மேலேற்றிவிட்டு
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தான்.
நெத்திலியைப் பொறுக்கித் தின்று முடிப்பதற்குள்
நாற்பது ஹெக்டேர்.
திரையில் பச்சை, மஞ்சள்,
பதினொன்றாம் பிளாக்கில் சிவப்பு இருபத்துமூன்று.
அத்தனையையும் நடந்துபோய்ப் பார்த்து
ஆமாம், இல்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.
சம்பளச் சீட்டில் அந்த ஆளுக்குப் பெயர்
தனேஸ்வரி, ஒப்பந்தம், ஆறு மாதம்.

இருபத்திரண்டு மரங்களுக்குச் சிவப்பு வளையம் போட்டாயிற்று.
கடைசி மரம்: வரிசை முப்பத்தொன்பது, மரம் பன்னிரண்டு.
மூன்று குருத்து விரியாமல் ஈட்டியாக நின்றது.
அடியில் கட்டைவிரல் அளவுக் காளான்,
நேற்று வார்னிஷ் அடித்ததுபோல் பளபளப்பு,
ஓரத்தில் வெள்ளைக் கரை.
அழகாகத்தான் இருந்தது, கழுதை.

"ஜாங்கான், காக்."
சாஹ்ருல், எக்ரேக் கம்பைத் தோளில் சாய்த்தபடி.
லொம்போக்கில் அவன் வீட்டுக்குப் பாதிக் கூரை.
இந்த வரிசையில் ஏற்கெனவே ஐந்தைச் சாய்த்துவிட்டார்கள்,
குலைக்குத்தான் கூலி,
மரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை.
மேலே பார் என்றான்.
இரண்டு குலை, சிவந்துகொண்டிருந்தன.

கத்தியால் காளானைச் சீவினேன்.
பூட்ஸால் மண்ணைத் தள்ளி மூடினேன்.
கைப்பேசியில் 'நோயில்லை' தொட்டேன்.
உறுதியா என்று கேட்டது.
ஆம்.
மறுபடியும் கேட்டது.
அதே பூட்ஸோடு
அடுத்த பிளாக்குக்கு நடந்தேன்.
கழுவ வேண்டும் என்பது விதி,
எழுதித் தொங்கவிட்டதே நான்தான்.

செம்பனைக்கு ஆறு அண்டைவீடு.
மண்ணுக்குள் வேரோடு வேர் கைகோத்திருக்கும்.
ஐந்து மாதம் கழித்துப் போனபோது
பதினொன்றும் பதின்மூன்றும்
மட்டைகளைத் தொங்கவிட்டு, நனைந்த பாவாடையாய்.
நாற்பதாம் வரிசையில் இன்னும் ஒன்று.
என் பொய்யில் பற்றியதா,
நான் வருவதற்கு முன்பே பற்றியிருந்ததா,
எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது.
நான் கேட்டு அனுப்பவும் இல்லை.

பன்னிரண்டு அங்கே இல்லை.
முந்தின வார மழையில் தானாகவே விழுந்திருந்தது.
அடித்தண்டுக்குள் கையை விட்டால்
முழங்கை வரை போயிற்று.
சாஹ்ருல் மூன்றாம் டிவிஷனுக்கு மாற்றலாகியிருந்தான்.
அந்த இரண்டு குலை அவன் கணக்கில் ஏறியதா என்று
கிராணியிடம் கேட்கலாம்.
கேட்டால், எதற்கு என்று கேட்பார்.

அன்று மூன்று வளையம் போட்டேன்.
டப்பாவின் மூக்கு அடைத்துக்கொண்டு
சாயம் விரலெல்லாம் வழிந்தது.

சனிக்கிழமை பாசார் மாலாமில்
ஆப்பாம் பாலிக் சுடுகிற பெண்
சில்லறையைத் தரும்போது என் நகங்களைப் பார்த்தாள்.
இனாயா? யாருக்குக் கல்யாணம்?
அக்காவுக்கு, என்றேன்.
எனக்கு அக்கா இல்லை.
இன்னும் கொஞ்சம் கடலைத்தூள் போட்டுக் கொடுத்தாள்.