எடைமேடையில் ஏறாத எண்

எங்கள் எடைமேடை பத்துப் பத்தாகத்தான் பேசும்.
லாபீஸ் ஆலைக்கு வரும் எந்த லாரியும்
கடைசியில் ஒரு சைபரோடுதான் இறங்கிப் போகும்.
பதினெட்டாயிரத்து நானூற்று முப்பது.
இருபத்தோராயிரத்து அறுபது.
ஒன்பது வருஷத்தில்
ஒரு பகா எண்ணைக்கூட நான் நிறுத்ததில்லை.

இரவு ஷிப்டில், மேசைக்கடியில்,
ஆபீசில் கழித்துப்போட்ட கணினி ஒன்றை ஓடவிட்டிருக்கிறேன்.
இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போ,
நூற்றுப் பதினைந்து மில்லியன் தடவைக்கும் கொஞ்சம் மேலே
(அந்தத் தடவையும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும்),
பிறகு ஒன்றைக் கழி.
முப்பத்து நான்கு மில்லியன் இலக்கம்.
கணினியின் மொழியில் எழுதினால்
வெறும் ஒன்று, ஒன்று, ஒன்று,
நடுவில் ஒரு சைபர் கிடையாது,
சிகாமட் ரோடு நெடுக நிற்கும் செம்பனை மாதிரி.

பகு எண் என்றால்
வரிசைக்கு இத்தனை கன்று என்று சமமாக நட்டுவிடலாம்.
பகா எண்ணுக்கு ஒரே வரிசை.
எங்கே மடித்தாலும் ஓரத்தில் கன்று இடிக்கும்,
மேனேஜர் கத்துவார்.

சோதனை சுலபம், நீளம்தான் கொடுமை.
நான்கில் தொடங்கு.
அதை அதாலேயே பெருக்கு. இரண்டைக் கழி.
பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்.
மறுபடி பெருக்கு. கழி. மீதி.
மறுபடி.
கடைசி மீதி சைபர் என்றால் அது பகா எண்.
கையில் ஒன்றும் மிஞ்சாததைத்தான்
உடைக்க முடியாதது என்கிறது கணக்கு.
சம்பள நாளில் இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

குலை இறக்க வந்த அப்பாராவ் திரையை எட்டிப் பார்த்தார்.
"கிராணிம்மா, கடைசி நாலு நம்பர் சொல்லு,
புதன்கிழமை அடிச்சிப் பாக்குறேன்."
வயிறு யாருக்கும் தெரியாது, வால் தெரியும்.
எடைச்சீட்டின் பின்பக்கம் ஐந்து நிமிஷம் போட்டேன்:
மூன்று ஆறு நான்கு ஏழு.
பத்து வெள்ளி வைத்தார்.
விழுந்தது மூன்று ஆறு ஏழு நான்கு.
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நாற்பத்தோராம் இரவு, இடியும் மழையும்.
கணினி வேலையை முடித்து அமைதியாக இருந்தது.
மீதி சைபர் இல்லை.
உடையும் எண்தான்.
எங்கே உடையும், எதனால், இரண்டாகவா இருபதாகவா,
அதையெல்லாம் இந்தச் சோதனை சொல்லாது.
ஒரு காரணிகூடக் கைக்கு வராமல்
பகு எண் என்று முத்திரை விழுந்துவிடுகிறது.
மூவார் நீதிமன்றத்தில்
எங்கள் விவாகரத்துத் தாளும்
ஏறக்குறைய இவ்வளவுதான் சொன்னது.

வெளியே ஹாரன்.
அடுத்த எண்ணை ஏற்றிவிட்டுக் குடையை எடுத்தேன்.
பத்தொன்பதாயிரத்து இருநூற்று ஐம்பது என்றது மேடை.
ஜன்னல் கண்ணாடியை இறக்கி
ஈரக் கையை நீட்டினார் அப்பாராவ்,
சீட்டுக்கு இல்லை,
புது நம்பருக்கு.