நான்கு மீட்டர்

பகாவ் இரவுச் சந்தையில்
கடைகளை மடக்கும் நேரத்துக்கு
ஊரைத் தாண்டினோம்.
பழைய வீராவுக்குப் பின்னால் உருண்டு வருவது வீடு:
ஐந்தடி அகலம், எட்டடி நீளம்.
மூன்று வருட போனஸைப் போட்டு
புவனேந்திரன் பற்றவைத்த ட்ரெய்லர்.
போன பிறவியில் அது பர்கர் கடை.
பச்சைச் சாயத்துக்கு அடியில்
'டபள் ஸ்பெஷல் ஆறு வெள்ளி'
வெயில் சாய்ந்தால் இன்னும் தெரியும்.

ஒரே எண்ணெய்ச் செலவில்
மூன்று பைத்தியம் என்பாள் என் நாத்தனார்.
அவருக்கு ஹாம் ரேடியோ.
எனக்கு அந்துப்பூச்சி.
இருவருக்கும் பொதுவில்
எவரோ ஒளித்துவைத்த டப்பாவை
எண்களைப் பிடித்துக்கொண்டு தேடுவது.
புதையலா என்று கேட்காதீர்கள்.
ஒரு கோலிக்குண்டு, செல்லாத டோல் அட்டை,
வந்தவர் பெயரெழுத
சுருட்டிய தாள்.

தோட்டத்துப் பந்துத் திடலோரம் நிறுத்தினோம்.
மானேஜரின் அனுமதிக் கடிதம் கண்ணாடியில்.
கோல் கம்பத்தில் ஏரியல் கம்பி ஏறியது.
பர்கர் விற்ற பக்கத்தில்
வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு
ஊதா விளக்கைப் போட்டேன்.
ரேடியோவில் சபாவிலிருந்து ஒருவர்
தன் ஊர் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.
முதலில் வந்தது
காய்ந்த இலை மாதிரி ஒன்று.
பிறகு, காய்ந்த இலையே ஒன்று.

வடக்கு இரண்டு பாகை நாற்பத்தெட்டு,
கிழக்கு நூற்றிரண்டு பாகை இருபத்து நான்கு.
அதற்குப் பின்னால் வரும் புள்ளிகளில்தான் எல்லாமே.
கைபேசி சொன்னது: இன்னும் நான்கு மீட்டர்.
செம்பனைக்கு அடியில் நான்கு மீட்டர் என்பது
ஒரு மாவட்டம்.
மட்டை மூடிய வானத்தில் துணைக்கோள் தடுமாற
அம்பு முன்னால் என்றது,
போனால், பின்னால் என்றது.
வெட்டிய மட்டைக் காம்புகளுக்குள்
கை விடுவதற்கு முன்
ஒவ்வொரு தடவையும்
குச்சியை விட்டோம். பாம்புக்கு மரியாதை.

மோட்டார் சத்தம். முகத்தில் வெளிச்சம்.
குலை டன் தொள்ளாயிரம் போகிற மாதத்தில்
நெற்றி விளக்கோடு இரண்டு பேர்
மரத்தடியில் குனிந்திருந்தால்
காவலர் என்ன நினைப்பார்?
"டப்பா தேடுகிறோம்."
"டப்பாவில் என்ன?"
"ஒன்றுமில்லை."
"ஒன்றுமில்லாததை ராத்திரியில் ஏன்?"
புவன் யோசித்தார்.
"பகலில் வெயில்."

தேக் பகதூர் சிரிக்கவில்லை.
மோட்டாரை நிறுத்தி
இருபத்தேழாம் பிளாக் பலகைக்குப் பின்னால் விளக்கடித்தார்.
காந்தம் ஒட்டிய தகர டப்பா.
ஆறு மாதமாய்ப் பார்க்கிறாராம்.
யாரோ யாருக்கோ செய்வினை வைத்ததென்று
தொடாமல் சுற்றிப் போனாராம்.

தாளில் எறும்பு முட்டை.
கடைசிப் பெயர் சுல்ஹில்மி, நான்கு வருடத்துக்கு முன்.
அதன் கீழே நாங்கள்.
எங்களுக்குக் கீழே அவர்:
ஒரு கோட்டை இழுத்து
கொடியில் துணி காயப்போடுவதுபோல்
எழுத்துகளைத் தொங்கவிட்டார்.

ட்ரெய்லர் படியில் உட்கார்ந்து மைலோ குடித்தார்.
"இந்த அம்பு எந்த இடத்தையும் காட்டுமா?"
"எண் தெரிந்தால்."
எண் தெரியாது. ஆறு தெரியும்.
வரைபடத்தில் அதன் மேலேயே விரலை நகர்த்தி
வளைவு வளைவாய்ப் போய்
பாலம் ஒன்றில் நின்று, இடப்பக்கம் திரும்பி
ஓரிடத்தில் அழுத்தினார்.
மூவாயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர்.
அம்பு மெல்லச் சுழன்று
பூச்சிகள் அப்பிய துணியைக் கடந்து
கோல் கம்பத்துக்கு வலப்பக்கமாய் நிலைத்தது.

எழுந்து,
கைபேசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு
அம்பு காட்டிய பக்கம்
நான்கு எட்டு நடந்தார்.
எண் மாறவில்லை.
இன்னும் இரண்டு எட்டு.

பிறகு கைபேசியைத் தந்துவிட்டு
மைலோவுக்கு நன்றி சொல்லி
மோட்டாரை உதைத்தார்.
இருபத்தெட்டாம் பிளாக் எதிர்ப்பக்கம்.
அவர் சட்டைத் தோளில்
நான் பெயர் கண்டுபிடிக்காத சாம்பல் நிறப் பூச்சி ஒன்று
ஒட்டிக்கொண்டே போனது.