முதல் பைட்

பிர்னோ நகரம், டிராம் பணிமனைக்கு மேலே
வாடகைக்கு எடுத்த அறை. பிப்ரவரி.
ஹீட்டர் ஒரு பக்கத்தை மட்டும் சுடுகிறது.
ஏழு பேர். ஒரே கேள்வி:
காசோடு போகும் சொல்லை
எந்த உறையில் போடுவது?

முதல் பைட் வகை, என்கிறாள் போஹ்தனா.
இரண்டாவது நீளம்.
மூன்றாவது, இது எத்தனையாவது துண்டு என்பது.
அதன்பிறகு என்ன வேண்டுமானாலும் அழுங்கள்.
'எழுதுங்கள்' என்றுதான்
கூட்டக் குறிப்பில் போட்டேன்.

க்விடோ தலையசைக்கவில்லை.
பணம் கழுதையா,
கண்டவன் பொதியை ஏற்றி அனுப்ப?
கதவு வைத்தால் ஊர்க்குப்பை முழுதும் வரும்.
இன்றைக்கு ரசீது,
நாளைக்குப் பூனைப் படம்.

அவள் வாதாடவில்லை. மடிக்கணினியைத் திருப்பினாள்.
பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய ஒரு பரிமாற்றம்.
கதவு இல்லாத காலம்;
யாரோ சுவரை இடித்து நுழைந்திருக்கிறான்.
பெறுபவர் முகவரி இருக்கவேண்டிய இடத்தில்
இருபது பைட் செக் மொழி:

யிரினா, சாவி அடியில்

அவ்வளவுதான்.
எதன் அடியில் என்பது அடுத்த துண்டில்.
எழுத்தின் மேல் கொக்கி வைத்தால் ஒரு பைட் கூடுதல்;
யிர்ஷினா, யிரினா ஆகிவிட்டாள்.
அவள் பெயரிலேயே மிச்சம் பிடித்திருக்கிறான்.

எது முன், எது பின் என்று சொல்ல விதி இல்லை.
போஹ்தனா மூன்று இரவு தேடினாளாம்.
கிடைத்தவை: பாதி வசவு,
ஒரு சதுரங்க நகர்வு,
யாருடையதோ திருமண நாள்.

வீட்டுச் சாவியா, கணக்கின் சாவியா, என்றார் ஓட்டகர்.
கணக்கு என்றால், என்று இழுத்தான் லுபோர்.
முதலில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த முகவரிக்குப் போன காசை
எவராலும் எடுக்க முடியாது. அங்கே ஆளே இல்லை.
ஆளில்லை என்பது இயந்திரங்களுக்குத் தெரியாது.
ஒசாகாவில், லீமாவில்,
நைரோபியில் ஏதோ பீரோவின் மேல்
ராத்திரியும் ஓடுகிற ஒவ்வொன்றும்
நாளை ஒருத்தி வந்து கேட்பாள் என்று
அந்தச் சில்லறையை மடியில் முடிந்து வைத்திருக்கிறது.

இதற்குத்தான் கதவு, என்றாள்.
இது காசல்ல, சொல்; படித்துவிட்டு
நீ மறந்துவிடலாம் என்று
அவற்றிடம் யாராவது சொல்லவேண்டும்.

நாலுக்கு மூன்று.
க்விடோ எதிர்த்துக் கை தூக்கினான்;
தூக்கிய கையை இறக்கி
நீளத்தைக் கணக்கிடும் வரியில் இருந்த பிழையைத்
திருத்திக் கொடுத்தான்.

வகை எண் ஒன்று ரசீதுக்கு. இரண்டு சான்றிதழுக்கு.
பூஜ்யம் யாருக்கு என்றேன்.
கீழே ஒரு டிராம் வளைவில் கிரீச்சிட்டு
உள்ளே வந்து நின்றது.
தெரியாதவற்றுக்கு, என்று எழுதிக்கொண்டேன்.
ஒருவரும் மறுக்கவில்லை.

கடைசியாக இறங்கியவர் ஓட்டகர்.
பூட்டிவிட்டேன், சாவி எங்கே வைக்க? என்றார்.
இரண்டாவது படியில் இருக்கும்
உடைந்த பூந்தொட்டியின் அடியில் என்று
முழு வாக்கியமாகச் சொன்னேன்.