கிழக்கே மருதமரம்

உறுதிகளை ஸ்கேன் பண்ணிக் கோக்கும் அந்த இலவச மென்பொருள்
ஒரு புதன்கிழமை பக்கங்களைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது.
கையேட்டைத் திறந்தேன்.
விவரத்துக்கு இங்கே பார்க்கவும் என்றது.
அங்கே ஒன்றுமில்லை.
நானூற்று நாலு.

அக்கரைப்பற்றில் கரன்ட் போய்ப்போய் வந்த அன்றிரவு
இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
நூற்றுப் பன்னிரண்டில்
செத்தவை முப்பத்தெட்டு.

சிலதுக்கு ஓர் எழுத்துப் போதும்.
சிலது வீடு மாறியிருந்தது,
புது விலாசத்தை வாசலில் ஒட்டிவிட்டு.
ஒன்று யாரோ பல்கலைக்கழக மாணவனின் பக்கம்;
பட்டம் வாங்கிப் போயிருப்பான்,
பின்னாலேயே அறையைக் கூட்டித் தள்ளியிருக்கிறார்கள்.

பயந்தது உயிரோடிருந்த ஒன்றுக்குத்தான்.
சோதிக்கிற நிரல் இருநூறு என்றது, பச்சையாக.
இருநூறு என்றால் சுகம்.
தட்டினேன், கதவு திறந்தது.
எழுத்துருக்களை விளக்கிய இடத்தில்
சூதாட்டம். சுழலும் எண்கள்.
இன்றே சேருங்கள்.
விலாசம் அதே விலாசம்.
குடியிருப்பது வேறு ஆள்.

இதை எங்கள் பக்கத்தில்
யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பகலில் நான் அடிப்பது:
வடக்கே கந்தப்போடியின் வளவு,
தெற்கே ஆதம்பாவாவின் வேலி,
மேற்கே வண்டிப்பாதை,
கிழக்கே மருதமரம்.

கந்தப்போடி ஒரு ராத்திரியில் எழும்பிப் போனவர்.
வேலி நின்ற இடத்தில்
ஆதம்பாவாவின் பேரன் டயர் விற்கிறான்.
மரம் எழுபத்தெட்டுச் சூறாவளியோடு சரி.
"முன் உறுதியில உள்ளபடியே அடி, புள்ள"
என்பார் நொத்தாரிசு.
அடிப்பேன்.

முப்பத்தொன்பதையும் ஒரே திருத்தமாக அனுப்பினேன்.
பராமரிக்கிறவர் போலந்திலோ எங்கேயோ.
பிரித்து அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றார்.
எனக்குக் கோபம்.
மறுகா, பிரித்தேன்.
அவர் மெய்யாகவே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்,
என் எழுத்துப்பிழை இரண்டையும் பிடித்தார்.
சூதாட்டத்தை எடுத்துவிட்டு
காப்பகத்திலிருந்த பழைய பிரதியை வைத்தேன்,
பிரதி எடுத்த திகதியோடு.

ஒன்றுக்குப் பிரதியும் இல்லை.
அழித்துவிடலாமே என்றார்.
வரி இருக்கட்டும்,
பக்கத்தில் 'இப்போது இல்லை' என்று போடுவோம்
என்று எழுதினேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திராது.
அவர் கேட்கவில்லை.
மூன்று நாள் சத்தமில்லை.
நாலாம் நாள் ஒரே சொல்:
சேர்த்தாயிற்று.
அதன் கீழே, பங்களித்தவர் என்ற இடத்தில்,
ஜெஸீமா.

திங்கட்கிழமை
உறுதியில் இப்படி அடித்துப் பார்த்தேன்:
கிழக்கே முன்னர் மருதமரம் நின்ற இடம்.

நொத்தாரிசு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"கடதாசி வீண்" என்றார்.
சிவப்புப் பேனையால் முன்னரை வெட்டினார்.
நின்ற இடத்தை வெட்டினார்.
மரத்தை மட்டும் விட்டார்.