ன் அல்லது ம்

சுவாமி மேசையில் கடிதத்தை விரித்தார்.
எவரோ உரோமையைக் கேட்டாராம்,
உரோமை ஒற்றைச் சொல்லில் இல்லை என்றதாம்,
யாழ்ப்பாணத்து ஆயர் இல்லம் அதைத் தமிழாக்கி
முத்திரை குத்தி அனுப்பியிருந்தது.
“நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்”
என்று சொல்லப்பட்டிருந்தால்
அது திருமுழுக்கே அல்ல.
தண்ணீர் சரி. மூன்று பெயர்களும் சரி.
தன்மை ஒருமை இல்லையென்றால்
பிள்ளை நனைந்தது மட்டும்தான்.

இரணைப்பாலை அறைவீட்டில்
மின்விசிறி கடிதத்தின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
ஜெனிற்றாவுக்குப் பதினைந்து வயது. தாய் குவைத்தில்.
வருகிற மாதம் உறுதிபூசுதல்.
திருமுழுக்கு அளித்தவர் என்ற கோட்டின் மேல்
முகாமில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்:
மூன்று பெண்கள்.
மூன்றில் மிச்சம் நான்.

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா.
குடுக்கிறன் எண்டு சொன்னனீங்களோ,
குடுக்கிறம் எண்டோ?”

மாத்தளன் மணலில் இடுப்பளவு குழி.
கூறைச்சீலை கிழித்துத் தைத்த மண்மூட்டைகள்.
பிறந்து ஒரு மணித்தியாலம்; பிள்ளை நீலம் பாரித்திருந்தது.
பூசைக்கு அப்பம் இல்லாத மாதம் அது.
அரிசிமா ஆகாது, குரக்கன் ஆகாது, கோதுமைதான் என்று
கைவிரித்துப் போன சுவாமியை
அந்த இரவில் எங்கே தேட?
தண்ணீருக்கு அவ்வளவு சட்டமில்லை.
எந்தத் தண்ணீரும் தண்ணீர்,
ஆபத்தில் எந்தக் கையும் கை.
மதலேனாள் மறைக்கல்வியில் படித்தது அது.

பால்மாப் பேணியில் அரைப்பேணி இருந்தது.
றொசலின் தலையைத் தாங்கினாள்.
மதலேனாள் சொன்னாள்.
நான் ஊற்றினேன்.

சுவாமி பேனையை மூடினார்.
ஊற்றுகிறவரே சொல்லவும் வேண்டுமாம்.
“நானும் சொன்னனான் சுவாமி.
அவள் முன்னால சொல்ல, நான் பின்னால.
றொசலினும்தான்.”
“அப்ப, கடைசி எழுத்து?”

கடைசி எழுத்தில் செல் விழுந்தது.

ன் என்றால் நாக்கு மேலே போய் ஒட்ட வேண்டும்,
ம் என்றால் உதடு மூட வேண்டும்.
என் வாய் நிறைய மண் இருந்தது என்பது மட்டும்
சத்தியமாகத் தெரியும்.

கடிதத்தின் நியாயம் எனக்கு விளங்காமலில்லை.
கழுவுகிறவர் கிறிஸ்து. அவர் ஒருவர்.
கூட்டம் கூடிக் கழுவுவதில்லை.
ஆனால் அந்தக் குழிக்குள் ஒருமை என்று எதுவும் இருக்கவில்லை.
என் முழங்கால் றொசலினின் மடியில்,
தாயின் இரத்தம் எல்லாருடைய பாவாடையிலும்,
யாருடைய மூச்சு யாருடையது என்று
பிரித்துச் சொல்ல நேரமில்லை.
புத்தகத் தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு.
எங்கட வாயில் நாங்கள் மட்டும்தான்,
கேட்டுக்கொண்டிருக்கிற ஆளையும் அதற்குள்ளேயே போட்டுவிடுவோம்.
பிள்ளை இருந்தது அதற்குள்.
சுவாமி, அவரும் இருந்தாரென்றால்
எதற்குள் இருந்தார்?

இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.
“தெரியேல்லை எண்டு எழுதுங்கோ” என்றேன்.
அவர் எழுதினார். நல்ல மனிதர்;
எழுதி முடித்தும் வெகுநேரம் தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம். மணி அடிக்கவில்லை.
கோயிலுக்குள் ஐந்து பேர், ஒரு நாய்.
“நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்” என்று தொடங்கினார்.
இத்தனை பெரிய சட்டப் புத்தகத்தில்
ஒரு ‘இருந்தால்’ இருந்திருக்கிறது.
அதற்குள் பதினைந்து வருடமும் போய் நின்றுகொண்டது.
பிறகு, நான், என்றார். தெளிவாக.
ன் என்னும்போது நாக்கு ஒட்டியதைப் பார்த்தேன்.
பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது,
ஞானத்தாய் என்ற இடத்தில் என்னுடையது.
மதலேனாளுக்கும் றொசலினுக்கும் கோடு இல்லை.

வெளியே, துவாயால் தலை துவட்டியபடி
ஜெனிற்றா கேட்டாள்:
“அன்ரி, அண்டைக்கு நான் அழுதனானோ?”

“ஓம்,” என்றேன்.
“அழுதனாங்கள்.”