முப்பது

காய்ச்சல் அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில்
மனு எழுதியிருந்தார் மெஹர்பானு, செவிலியர், இரவுப் பணி.
"கோரையாற்றுப் பாலம் தாண்டி வளைவில்
ஆறு மாதமாய் ரயில் ஊளையிடுகிறது.
பகலில்தான் எனக்குத் தூக்கம். ஆவன செய்யவும்."

கீமேன் உத்திராபதியும் நானும் போய்
ஒரு மீட்டர் இரும்புச் சட்டத்தை
உள்தண்டவாளத்தின் மேல் கிடத்தினோம்.
அடியில் வெயில் நுழைந்தது,
நுழையவில்லை,
நுழைந்தது.
எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு பள்ளம்.
வெளித்தண்டவாளம் பளிங்காய் இருந்தது.

"வெண்ணாற்று மணல் மாதிரி" என்றார் உத்திராபதி.
மணல் அடுத்த வெள்ளத்தில் மறந்துவிடும்,
இது மறக்காது என்று சொல்ல வந்து
அளவைக் குறித்துக்கொண்டேன்.

பெட்டிப் பிரிவு சொன்னது: உங்கள் பாதை.
நாங்கள் சொன்னோம்: உங்கள் சக்கரம்.
ஜீப்பில் வந்த மேலதிகாரி
செருப்பில் அப்பியதைச் சுரண்டியபடி
களிமண்ணைத் திட்டிவிட்டுப் போனார்.

ஒரே அச்சில் இறுக்கிய இரண்டு சக்கரம்.
வளைவில் வெளியாளுக்கு வழி நீளம்,
உள்ளாளுக்குக் குறைவு.
தனித்தனியாய்ச் சுற்ற அனுமதியில்லை.
உள்ளாள் ஒட்டுவான், முறுக்கேறுவான்,
சட்டென்று வழுக்குவான், திரும்ப ஒட்டுவான்
வினாடிக்கு நூறு தடவை.
வழுக்கிய இடத்தில் போகும் இரும்பு
ஒரு கண்மைத் தீற்றல்கூட இல்லை.

வழுக்கியதில் குற்றமில்லை.
அடுத்த வண்டி அங்கே இங்கே வழுக்கியிருந்தால்
சமமாய்த் தேய்ந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.
காலை ஏழு பத்து முப்பதில் வருகிறது.
நெல் மூட்டை வேகன்கள் முப்பதில்.
வேளாங்கண்ணிக் கூட்டத்துக்கு விட்ட சிறப்பு ரயிலும் முப்பதில்.
முன்னவன் பறித்த குழியில்
பின்னவன் தவறாமல் கால் வைக்கிறான்.

ஏன் முப்பது?
பீரோவுக்கு மேலிருந்து கோப்பை இறக்கினேன்.
மூன்று ஐப்பசிக்கு முன் வாய்க்கால் உடைப்பெடுத்து
கரை ஒரு சாண் இறங்கியிருக்கிறது.
"தற்காலிக வேகக் கட்டுப்பாடு."
அந்தத் தையிலேயே கரை கெட்டிப்பட்டுவிட்டது.
பலகையை எடுக்கக் கையெழுத்திட வேண்டியவர்
விழுப்புரத்துக்கு மாற்றலாகிப் போனார்.

எழுபதில் போகவென்று
வெளிப்பக்கம் தூக்கிக் கட்டிய வளைவு அது.
முப்பதில் போகிற வண்டி
உள்பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது,
பாரமெல்லாம் உள்ளாள் தலையில்.

விசாரிக்கப் போனபோது
தூக்கம் கலைந்த கண்ணோடு மெஹர்பானு சொன்னார்:
"வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் கத்துவதில்லை."

வியாழக்கிழமை ஓட்டுநர் லூர்து சகாயம்.
வளைவின் உட்புறம் அவருக்கு நாலு மா நிலம்.
பங்காளி மடையைத் திருப்பிவிட்டானா என்று
எட்டிப் பார்த்துக்கொண்டே இருபத்திரண்டில் போவாராம்.
அந்த வேகத்துக்கு
எட்டு சென்டிமீட்டர் பள்ளம் வாய் திறப்பதில்லை.

இரண்டு கடிதம் போட்டேன்.
பலகையை அகற்றுங்கள்.
அதுவரை, வண்டிக்கு வண்டி
வேகத்தைக் கொஞ்சம் மாற்றிவிடுங்கள்.
பதிலாக மாசியில் அரவை இயந்திரம் வந்தது.
ஒரே ராத்திரி.
வாய்க்காலில் பொறி விழுந்து விழுந்து அணைந்தது.
ஊளை நின்றது.
மெஹர்பானு தூங்கினார் என்று நினைக்கிறேன்,
அதற்குப் பிறகு மனு இல்லை.

பலகை நிற்கிறது.
துரு ஏறிய மூன்றை விட்டுவிட்டு
பூஜ்யத்துக்கு மட்டும் புது மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.

நேற்று உள்தண்டவாளத்தில் நகத்தை வைத்து இழுத்தேன்.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
நகம் இரண்டு இடத்தில் லேசாய்த் தடுக்கியது.
ஸ்கேலை எடுக்கவில்லை.

லூர்து சகாயத்துக்கு
இரண்டு நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.
கொடுத்துவிட்டார், நல்ல கையெழுத்தில்.
இனி வியாழக்கிழமையும் முப்பதிலேயே போவாராம்.