பதினாறு புள்ளி ஏழு

ஓல்ட்டன் ரயிலடிக்குப் பின்னால் சோதனைக்கூடம்.
தாங்கியின் சூட்டை அளக்க எட்டு உணரிகள்.
ஏழு ஒழுங்காய்ச் சொல்கின்றன.
மூன்றாவது மட்டும்
தூக்கத்தில் முனகுகிறவன் மாதிரி.

திரையில் அலையை எண்ணினேன்.
சுவர் மின்சாரமென்றால் நொடிக்கு ஐம்பது,
அந்த முகம் எனக்குப் பழக்கம்.
இது பதினாறு, சொச்சம்.

ரேகுலா காப்பியோடு வந்தாள்.
திரையைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தாள்.
பேர்ன் வண்டி நகரத் தொடங்கியிருந்தது.
அலை பருத்தது.
"இங்கே ரயிலுக்குத் தனி மின்சாரம்.
தண்டவாளம் வழியே திரும்ப வேண்டியது
கொஞ்சம் மண்ணில் இறங்கியும் நடக்கும்."

மீட்டரின் ஒரு முனையை இயந்திர இரும்பில் வைத்தேன்,
மறுமுனையை அளவீட்டுப் பெட்டியின் எர்த்தில்.
நானூறு மில்லிவோல்ட்!
பூமி ஒன்று என்று எழுதித்தான் மார்க் வாங்கினேன்.
இந்தக் கூரைக்குக் கீழேயே இரண்டு இருக்கின்றன,
நாற்பதடி தள்ளி.
நடுவே என் கேபிளின் கவசம்
இரு வீட்டிலும் உறவு கொண்டாடி
இரு வீட்டுச் சண்டையையும் சுமந்துகொண்டு.

பெட்டிப் பக்கம் கவசத்தை வெட்டி
நுனிக்கு டேப் சுற்றினேன்.
கூட்டல் கம்பி, கழித்தல் கம்பி,
இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படி என்று
பெட்டியிடம் சொன்னேன்.
மூன்று வாயடைத்தது.

அந்தக் குஷியில்
மற்ற ஏழையும் அப்படியே மாற்றினேன்.

ஏழும் மெல்ல ஏறத் தொடங்கின.
எண்பது. இருநூறு. தொள்ளாயிரம்.
தாங்கி ஆயிரத்து முன்னூறு டிகிரி என்றது திரை.
கையை வைத்துப் பார்த்தேன்:
இட்லிச் சட்டியை இறக்கி
அரைமணி ஆன சூடு.

"அதுகள் பீங்கானுக்குள் இருக்கிறவை,
எந்த மண்ணையும் தொடாதவை.
நீ இருந்த ஒரு பிடியையும் எடுத்துவிட்டாய்."
ரேகுலா சிரிக்கவில்லை.
அவள் மேசை டப்பாவில்
பழைய திருகாணிகளோடு கிடந்தன ரெசிஸ்டர்கள்.
பத்து கிலோ ஓம், ஏழு எடுத்தேன்.
கழித்தல் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே
ஒவ்வொன்று.
கட்டிப்போடாத கட்டு.
ஏழும் இறங்கி வந்து உட்கார்ந்தன.

மூன்றுக்குப் போடவில்லை.
அதற்கு ஏற்கெனவே ஒரு மண் இருக்கிறது.

நான்கு இருபத்தொன்பது.
பேர்ன் வண்டி போயிருக்க வேண்டும்.
எட்டுக் கோடும் அசையவில்லை.
தெரிந்துகொள்ள
எழுந்து சன்னல் வரை போக வேண்டியிருந்தது.